பி.சி.ஓ.எஸ். என்று எழுதித் தந்தால்: எதைப் பரிசோதிப்பது, எதற்காக மருந்து எடுப்பது

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் என்று எங்கள் பள்ளத்தாக்கில் எந்த ஊரில் விசாரித்தாலும், உறவில் ஒரு பெண்ணுக்காவது 'நீர்க்கட்டி' இருப்பதாகச் சொல்வார்கள். மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்று எழுதித் தரும் ஹார்மோன் கோளாறு இதுதான். மலையேறிக் குமுளிக்கோ வண்டன்மேட்டுக்கோ போனால் அங்கும் இதே பேச்சுதான். பேச்சு பெருகிய அளவுக்குத் தெளிவு பெருகவில்லை. ஒரே ஒரு ஸ்கேன் அறிக்கையை வைத்துக்கொண்டு, பதினைந்து வயது மகளுக்குப் பிள்ளை பிறக்காது என்று அழுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு மூன்று முறை மட்டுமே மாதவிடாய் வருவதைத் தொல்லை விட்டது என்று எடுத்துக்கொண்டு, மருத்துவரிடமே போகாத பெண்களும் இருக்கிறார்கள். முதலாவது வீண் பயம். இரண்டாவது உண்மையிலேயே ஆபத்து.

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100 பேருக்கு 10 முதல் 13 பேரிடம் இந்தக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 70 சதவீதம் வரையிலானவர்களுக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பி.சி.ஓ.டி. என்றால் லேசானது, பி.சி.ஓ.எஸ். என்றால் முற்றியது என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். உலகளாவிய மருத்துவ வழிகாட்டிகளில் அப்படி இரண்டு நோய்கள் கிடையாது. எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்.

ஸ்கேனில் தெரியும் கறுப்பு வட்டங்கள்

கருமுட்டை ஒவ்வொன்றும் சினைப்பைக்குள் ஒரு சிறிய நீர்ப்பையில் இருக்கிறது. இந்தப் பைக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். ஒவ்வொரு மாதமும் பல ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளரத் தொடங்கும். சில நாட்களில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு சுமார் 2 சென்டிமீட்டர் வரை வளர்ந்து உடையும். முட்டை வெளியே வரும். மற்றவை சுருங்கிவிடும். முட்டை வெளிவந்து, கரு தங்காமல் போனால், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மாதவிடாய் வரும்.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் தொடக்கம் நன்றாகவே நடக்கிறது. நடுவழியில் எல்லாம் நின்றுவிடுகின்றன. எதுவும் முந்துவதில்லை, எதுவும் உடைவதில்லை. சில மில்லிமீட்டர் அளவிலேயே தங்கிவிட்ட ஃபாலிக்கிள்கள்தான் ஸ்கேன் படத்தில் சினைப்பையின் ஓரமாகக் கறுப்பு வட்டங்களாகத் தெரிகின்றன. ஆகவே அங்கே கரைக்க எந்தக் கட்டியும் இல்லை, வெட்டி எடுக்கவும் எதுவும் இல்லை. அவை புற்றுநோயாக மாறும் என்ற பயத்துக்கும் இடமில்லை. உண்மையான சினைப்பைக் கட்டிகள் வேறு: பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ, அளவில் பெரியவை, சில நேரம் திடீரென்று கடுமையான வயிற்றுவலி தருபவை. அவற்றுக்கான மருத்துவமும் வேறு.

1935இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தக் கோளாறை முதலில் விரிவாக எழுதினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது வீங்கிய சினைப்பை. அதனால் அதன் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதே அன்றைய சிகிச்சையாக இருந்தது. கோளாறின் வேர் சினைப்பையோடு நிற்பதில்லை என்பது பின்னால்தான் தெரியவந்தது.

தலைமடையில் வெள்ளம், கடைமடையில் வறட்சி

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விவசாயம் செய்யும் எவருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்கலாம். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மதகை இன்னும் கொஞ்சம் திறப்பார்கள். அப்போதும் கடைமடை நனைவதற்குள், மதகை ஒட்டிய தலைமடை வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும்.

நம் உடலில் மதகு, கணையம். அங்கிருந்து வரும் தண்ணீர், இன்சுலின். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்பும் ஹார்மோன் அது. கடைமடை, நம் தசையும் கல்லீரலும். சிலருக்கு இந்த உறுப்புகள் இன்சுலினின் சொல்லை எளிதில் கேட்பதில்லை. இதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைத் திறந்துவிடுகிறது. தலைமடை வயல், சினைப்பை. அது இன்சுலினுக்கு வழக்கம்போலவே செவிசாய்க்கிறது. அளவுக்கு மிஞ்சி வரும் இன்சுலினால் தூண்டப்பட்டு, ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்குகிறது.

ஆண்ட்ரோஜன் ஆண்களிடம் அதிகமாகவும் பெண்களிடம் சிறிதளவும் இயல்பாகவே இருக்கிறது. பெண்ணிடம் அது கூடினால் முகத்தில் கரடுமுரடான முடி, அடங்காத பரு, முன்தலையில் முடி உதிர்வு. சினைப்பைக்குள் ஃபாலிக்கிள்கள் நடுவழியில் நின்றுபோவதற்கும் இதுவே முக்கியக் காரணம். இதற்கு மேலே மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் உத்தரவுகளும் தாறுமாறாகி, ஆண்ட்ரோஜன் சுரப்பை இன்னும் தூண்டுகின்றன. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால், அது பெரும்பாலும் இன்சுலின் கூடியிருப்பதன் வெளி அடையாளம். தேய்த்துக் குளித்தால் போகிற அழுக்கு என்று நினைத்து அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

எல்லாருக்கும் இன்சுலின்தான் தொடக்கம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒல்லியான பெண்களுக்கும் இது வருகிறது. உடல் பருத்தால் தீவிரம் கூடுகிறது. "குண்டாக இருப்பதால்தான் உனக்கு இது" என்று ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்வது மருத்துவமும் ஆகாது, மனிதத்தன்மையும் ஆகாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்கேனில் தெரிவது வளர்ச்சி நின்ற ஃபாலிக்கிள்கள். அவை விளைவு. இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் கூடியிருப்பது காரணத்தின் பக்கம். பரிசோதனையும் சிகிச்சையும் காரணத்தின் பக்கம் நின்றுதான் தொடங்க வேண்டும்.

மூன்றில் இரண்டு

2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோலையே, 2023இல் வந்த உலகளாவிய வழிகாட்டியும் சில திருத்தங்களோடு பின்பற்றுகிறது. மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால், வேறு நோய்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகு, இது பி.சி.ஓ.எஸ். எனலாம்.

முதல் அடையாளம், ஒழுங்கற்ற மாதவிடாய். வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, 21 நாட்களுக்குள்ளோ 35 நாட்களுக்கு மேலோ இடைவெளி இருப்பது, அல்லது ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வருவது. இரண்டாவது, ஆண்ட்ரோஜன் கூடியதன் அறிகுறி; உடலில் தெரியலாம், இரத்தப் பரிசோதனையிலும் தெரியலாம். மூன்றாவது, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம். ஒரு சினைப்பையிலாவது 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஃபாலிக்கிள்கள் இருக்க வேண்டும், அல்லது சினைப்பையின் கொள்ளளவு 10 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையையும் 2023 வழிகாட்டி ஏற்கிறது. சிறிய ஃபாலிக்கிள்கள் சுரக்கும் பொருள் அது. அவை அதிகமென்றால் அதுவும் அதிகமாக இருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதல் இரண்டு அடையாளங்களும் இருந்தால், நோயை உறுதி செய்ய ஸ்கேனே தேவையில்லை. ஸ்கேன் மட்டும் அப்படிக் காட்டி, மாதவிடாய் ஒழுங்காக வந்து, முடியோ பருவோ ஆண்ட்ரோஜன் உயர்வோ இல்லையென்றால், அந்தப் பெண்ணுக்கு பி.சி.ஓ.எஸ். இல்லை.

பள்ளி செல்லும் வயதுப் பெண்களின் விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். பூப்பெய்திய முதல் ஓராண்டு மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 45 நாள் இடைவெளி வரைகூட ஏற்கத்தக்கதே. முதலாண்டு கடந்தபின் ஒருமுறை 90 நாட்களைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான சினைப்பையிலும் ஏராளமான ஃபாலிக்கிள்கள் தெரியும். அதனால்தான் பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனையோ ஏ.எம்.எச்.ஐயோ வைத்து முடிவு செய்யக் கூடாது என்று வழிகாட்டி சொல்கிறது. முதல் இரண்டு அடையாளங்களும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், பெயர் சூட்டாமல் தேவையான சிகிச்சையைத் தந்துகொண்டு, பிறகு மறுபடி பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவியின் ஸ்கேன் அறிக்கையைச் சொந்தக்காரர்கள் எல்லாம் கைமாற்றிப் படிப்பது நிற்க வேண்டும்.

எந்தெந்தப் பரிசோதனை, எதற்கு

மாதவிடாய் தள்ளிப்போனால், தாம்பத்திய உறவில் உள்ள பெண்ணுக்கு முதல் பரிசோதனை சிறுநீரில் கர்ப்பம் பார்ப்பதுதான். பி.சி.ஓ.எஸ். இருப்பதால் கர்ப்பம் ஆகாது என்று நம்பி, நான்காம் மாதம் வரை தெரியாமலே இருந்துவிட வாய்ப்புண்டு.

பிறகு, இதே அறிகுறிகளைத் தரும் வேறு கோளாறுகளை விலக்க வேண்டும். தைராய்டுக்கு டி.எஸ்.எச்.; மூளையடிச் சுரப்பி தொடர்பான கோளாறுக்கு புரோலாக்டின்; பிறவியிலேயே அட்ரினல் சுரப்பியில் வரும் ஒரு குறைபாட்டுக்கு 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். ஆண்ட்ரோஜன் அளவுக்கு டெஸ்டோஸ்டிரோன். சில மாதங்களுக்குள் வேகமாக முடி வளர்ந்து, குரலும் கட்டையாக மாறினால் அது வேறு கதை. சுரப்பியில் கட்டி இருக்கலாம். அதற்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஆண்ட்ரோஜன் அளவை நம்ப முடியாது. குறைந்தது மூன்று மாதம் நிறுத்திய பிறகுதான் அந்தப் பரிசோதனைக்குப் பொருள் உண்டு. வீரபாண்டி சித்திரைத் திருவிழா போன்ற சமயங்களில் தேதியைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாதவிடாய்க் கணக்கை அவர் தவறாகப் படித்துவிடுவார்.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான பரிசோதனை: சர்க்கரை. வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறை எடுப்பார்கள். இரண்டாவது அளவு 140க்குக் கீழே என்றால் இயல்பு, 140 முதல் 199 வரை எச்சரிக்கை, 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்தால் தொடக்கநிலைக் கோளாறு தப்பிவிடலாம். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும் என்பது தெரியும். அப்படி முடியவே முடியாதபோது, கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும், பட்டினி தேவைப்படாத எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை ஒரு மாற்று. இரத்தசோகை இருந்தால் அதன் முடிவு பிசகக்கூடும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இவற்றோடு இரத்த அழுத்தம், கொழுப்பு அளவு, எடை, இடுப்புச் சுற்றளவு. மனநிலை பற்றியும் மருத்துவர் கேட்க வேண்டும். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சிகிச்சை: இப்போது உங்களுக்கு எது தேவை?

பி.சி.ஓ.எஸ்.ஐ வேரோடு நீக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. ஒவ்வொரு மருந்தும் ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கானது. ஆகவே மருத்துவர் முன் உட்காரும்போது "எனக்கு இதைச் சரிசெய்யுங்கள்" என்பதைவிட, "இப்போது எனக்கு இன்னது தேவை" என்று சொன்னால் வழி தெளிவாகும்.

மாதவிடாய் வரவில்லை என்பதுதான் சிக்கல் என்றால், முதலில் காக்க வேண்டியது கருப்பையின் உட்படலத்தை. முட்டை வெளிவராத மாதங்களில் இந்தப் படலம் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படி விட்டால் கருப்பை உட்படலப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. தொடக்கத்தில் ஆபத்து என்று சொன்னது இதைத்தான். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த கருத்தடை மாத்திரை இதற்கான முதல் தேர்வு. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சில நாட்கள் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை தந்து மாதவிடாயை வரவழைப்பார்கள்.

"கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா?" என்ற கேள்வி வீட்டில் எழாமல் இருக்காது. அந்த மாத்திரை மலட்டுத்தன்மை தராது. நிறுத்தினால் அதன் வேலை நின்றுவிடும். நிறுத்தியதும் பழைய ஒழுங்கின்மை திரும்புவதைப் பார்த்து, மாத்திரைதான் கெடுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மாத்திரை அதுவரை அதை மறைத்துப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் இது எல்லாருக்கும் ஏற்றதல்ல. காலில் இரத்தக்கட்டு வந்தவர்கள், பார்வையில் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கூடியவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. தோழி போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

முகமுடியும் பருவும் வருத்தினால் அதே மாத்திரை உதவும்; முடியில் மாற்றம் தெரியக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். போதவில்லையென்றால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்தைச் சேர்ப்பார்கள். வயிற்றில் உள்ள ஆண் கருவை அது பாதிக்கலாம் என்பதால், அதை எடுக்கும் காலத்தில் கருத்தடை கட்டாயம். முடியை மழிப்பதாலோ நூலால் எடுப்பதாலோ அது அடர்த்தியாக வளராது, தாராளமாக எடுக்கலாம்.

சர்க்கரைப் பக்கம் கோளாறு என்றால் மெட்ஃபார்மின். கடைமடையைத் தண்ணீருக்கு இசையவைக்கும் மருந்து என்று கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் சில வாரங்கள் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். குறைந்த அளவில் தொடங்கி, உணவோடு எடுத்து, மெல்லக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். "சர்க்கரை மாத்திரையைப் போட்டுச் சர்க்கரை நோயை வரவழைக்கிறார்கள்" என்ற பேச்சில் உண்மை இல்லை.

குழந்தை வேண்டும் என்கிறபோது

பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். சிலருக்குச் சிகிச்சை இல்லாமலே, பலருக்கு எளிய மாத்திரையால். கணவருக்கு விந்து பரிசோதனை செய்யாமல் மனைவிக்கு மட்டும் மாதக்கணக்கில் மருந்து தருவது வீண். ஆண்கள் இதற்குத் தயங்குவதால் வீணாகும் ஆண்டுகள் மனைவியின் கணக்கில் எழுதப்படுகின்றன.

முட்டை வெளிவரச் செய்ய இன்றைக்கு முதல் தேர்வு லெட்ரோசோல். மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஐந்து நாட்கள் மட்டும் எடுக்கும் மாத்திரை. 2014இல் வெளியான, 750 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. மாத்திரையோடு வரும் தாளில் 'மார்பகப் புற்றுநோய்க்கு' என்று அச்சிட்டிருப்பதைப் படித்துப் பதற வேண்டாம். அந்த நோய்க்காகத்தான் அது முதலில் உருவாக்கப்பட்டது. இந்தியாவில் 2011இல் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு இதைத் தடை செய்து, 2017இல் தடையை விலக்கிக்கொண்டார்கள். பழைய செய்தியைக் கேட்டவர்கள் இன்றும் பயமுறுத்தலாம்.

மாத்திரை பலிக்காவிட்டால் ஹார்மோன் ஊசிகள், இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பி வழியாகச் சினைப்பையில் சிறு துளைகள் இடும் சிகிச்சை, அதற்கும் பிறகுதான் செயற்கைக் கருத்தரிப்பு. முதல் சந்திப்பிலேயே கடைசிப் படிக்கு அழைக்கிற இடத்தில் "ஏன்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சில நேரம் நியாயமான காரணம் இருக்கும்: குழாய் அடைப்பு, வயது, கணவரின் விந்தணுக் குறைவு. கரு தங்கியதும் சர்க்கரையைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். கர்ப்பகால நீரிழிவும் இரத்த அழுத்தமும் இவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன.

சோறு, தேநீர், தூக்கம்

எந்தச் சிகிச்சையோடும் இது சேர வேண்டும். எடை கூடியவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே, அதாவது 70 கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ குறைத்தாலே, பலருக்கு மாதவிடாய் ஒழுங்குபடத் தொடங்குகிறது. இன்ன உணவுமுறைதான் சிறந்தது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. தொடர்ந்து கடைப்பிடிக்க முடிகிறதே நல்ல உணவுமுறை. சோற்றைக் குறைத்து மொச்சை, தட்டாம்பயறு, முட்டை, மீன், கீரையைக் கூட்டலாம். கேப்பைக் களி நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுப்பொருள், அளவு முக்கியம். மலைப்பக்கம் பழகிய கப்பைக்கிழங்குக்கும் இதுவே பொருந்தும்.

வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்பது பொதுவான அளவு. நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்கிக் காய் பறிக்கும் பெண்ணிடம் நடைப்பயிற்சி போகச் சொல்வதில் அர்த்தமில்லை. அவருக்கு மாற்ற வேண்டியது நாளில் ஐந்தாறு முறை குடிக்கும் சர்க்கரைத் தேநீரும், கெட்டுப்போன தூக்கமும்தான். நாளெல்லாம் தையல் இயந்திரத்தின் முன்போ கணினியின் முன்போ உட்காருபவருக்கு அந்த 150 நிமிடம் அப்படியே பொருந்தும்.

கழற்சிக்காய்ப் பொடியைப் பற்றிக் கேட்பீர்கள். அது நீர்க்கட்டியைக் கரைக்கும் என்று விற்கிறார்கள்; கரைக்க அங்கே கட்டி இல்லை என்பதை மேலே பார்த்தோம். நாட்டு மருந்தோ கஷாயமோ எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கரு தங்க முயலும் காலத்தில் அவற்றைத் தவிருங்கள்.

இரண்டு மாநிலச் சீட்டு

வயது ஏற ஏற மாதவிடாய் பலருக்கும் ஒழுங்குக்கு வந்துவிடும். சர்க்கரையின் ஆபத்து மட்டும் கூடவே வரும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தத்தையும், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரையையும் பார்க்க வேண்டும். திருமணம் ஆனாலும், பிள்ளை பிறந்தாலும்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் வேலைக்காகச் சில மாதம் இடுக்கியிலும் சில மாதம் ஊரிலும் இருக்கிறார்கள். அங்கே ஒரு மருத்துவர், இங்கே ஒரு மருத்துவர். மாதவிடாய் வந்த தேதிகளை ஒரு காலண்டரில் வட்டமிட்டு, இரண்டு பக்கச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர். சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அங்கே ஒரு பெயரிலும் இங்கே வேறு பெயரிலும் வாங்கிய இரண்டு அட்டைகளிலும் உள்ளே இருப்பது மெட்ஃபார்மினாகவே இருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்கத் தொடங்குவதற்கு முன், கோப்போடு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள்.